பணக்காரர்களுக்குப் பெயர் வைக்க ஆஸ்லோ போனேன்

நான் எபிரேயம் படித்தது பாதிரியார் ஆவதற்கு. மூன்றாம் வருடம் இறையியல் கல்லூரியை விட்டு ஓடி வந்துவிட்டேன், மொழி மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு ஹைஃபாவில் ஒரு கப்பல் கம்பெனியில் நாலு வருடம் குப்பை கொட்டியதில் அது பேச்சுக்கும் வந்தது. இப்போது சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எபிரேயத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிறேன். வேதமா என்று கேட்காதீர்கள். வங்கி அறிக்கை, முதலீட்டு ஒப்பந்தம், வரிச் சட்டம். பிரசங்கம் பண்ண வேண்டிய வாய் பணக்காரன் கணக்கைப் படிக்கிறதே என்று அம்மா கடைசிவரை அங்கலாய்த்தாள்.

அந்த வாய்தான் போன மார்ச் மாதம் என்னை ஆஸ்லோவுக்குக் கொண்டுபோனது. இஸ்ரேலில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடித்த ஆய்வு. அதை ஆங்கிலத்தில் வெளியிடுவது ஆஸ்லோவில் உள்ள ஒரு சின்ன ஆய்வு நிறுவனம். முழுவதையும் மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். பணக்காரர்களைப் படிப்படியாகப் பிரிக்கும் சொற்களில் மட்டும் அவர்களுக்குத் திருப்தி இல்லை. மூன்று நாள் நேரில் வந்து உட்கார்ந்து முடித்துக்கொடுங்கள் என்றார்கள்.

ஹோட்டல் வாடகையைப் பார்த்ததும் பவானி அக்காவுக்கு போன் போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து பாளையங்கோட்டையில் இரண்டு வருடம் என் அக்காவோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவள். அங்கிருந்து நார்வே போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கணவர் இறந்து ஆறு வருடம். முதியோர் இல்லத்தில் வேலை, ஒரே மகள், புருசெத்தில் சொந்த ஃபிளாட். “ஹோட்டலோ? உனக்கென்ன விசரே? நேரை வீட்டுக்கு வா” என்று போனை வைத்துவிட்டாள்.

நேரே போகத்தான் நினைத்தேன். நிலத்தடி ரயிலை அங்கே தே-பானெ என்கிறார்கள். “ரெண்டாம் நம்பர் தே-பானெ எடு” என்று அக்கா மூன்று முறை சொல்லியிருந்தாள். நடைமேடையில் ரயில் வந்து நின்றது. கூட்டமெல்லாம் ஏறியது, நானும் ஏறினேன். அரை மணி நேரம் கழித்து இறங்கிப் பார்த்தால் ஸ்டோவ்னர். நான் ஏறியது ஐந்தாம் நம்பர்.

ஷாப்பிங் சென்டர் வாசலில் நின்று, “ஸ்டோவ்னர்னு எழுதியிருக்குக்கா, புருசெத்துக்கு இப்போ எப்படி வர?” என்று கத்திக்கொண்டிருந்தேன். காய்கறிப் பையோடு போன ஒருவர் நின்றார்.

“நீங்கள் இந்தியாவோ?”

“ஆமாங்க.”

“அதுதான் கேட்டனான். புருசெத் பள்ளத்தாக்குக்கு அங்காலை. திரும்பிப் போகாதேங்கோ, குறுக்காலை பஸ் இருக்கு, வாங்கோ.”

நிறுத்தம் வரை கூட நடந்து வந்தார். பஸ் வரும்வரை நின்றார். பெயரைக் கேட்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸில் கண்டக்டர் இல்லை, ரயிலில் கேட்டும் இல்லை. டிக்கெட் எடுத்தாயா என்று ஒரு ஈ காக்கை கேட்கவில்லை. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசில் சத்தம் கேட்டே வளர்ந்தவனுக்கு அது ஒரு மாதிரி அநாதையாக இருந்தது.

நிறுத்தத்தில் அக்கா நின்றாள். கட்டிப்பிடித்த கையோடு குனிந்து என் ஷூவுக்கு அடியில் இரும்பு முள் வைத்த ரப்பர் பட்டை ஒன்றை மாட்டிவிட்டாள். பனி உருகி மறுபடி உறைந்து, நடைபாதை முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்தது. மேலே சரளைக்கல் தூவியிருந்தார்கள். வெயில் பளீரென்று அடித்தது, சூடு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு, சால்மன் குழம்பு, சொதி. “வடிவா சாப்பிடு தம்பி” என்றாள். அவர்கள் ஊரில் வடிவு என்றால் அழகும் உண்டு, வயிறு நிறையவும் உண்டு. சொதியைப் பார்த்ததும் எனக்கு நாக்கு துடித்தது. எங்கள் பக்கத்துச் சொதியில் பாசிப்பருப்பும் காயும் மிதக்கும், அதற்கென்று இஞ்சித் துவையல் வேண்டும். அக்காவின் சொதி தண்ணீராக, மஞ்சளாக, தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயுமாக வந்தது. நாலு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

மகள் ஆரணி வேலை முடிந்து வந்தாள். மருந்துக்கடையில் மருந்தாளர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆஸ்லோ. அம்மாவோடு யாழ்ப்பாணத் தமிழ், போனில் நார்வீஜிய மொழி, என்னிடம் கொஞ்சம் கவனமான தமிழ். சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“உவள் பேர்கனிலை ஒரு பெடியனை விரும்புறாள். நிரோஜன். பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறான், நல்ல பெடியன். நாலு வரியமாப் பழக்கம். சனிக்கிழமை தேப்பன் தவராசா அண்ணை கதைச்சு முற்றாக்க வாறார். அவர் ஆஸ்பத்திரியிலை வேலை. தாய் இல்லை.”

“அப்புறம் என்னக்கா, நல்ல விஷயம்தானே?”

“நல்ல விஷயந்தான். ஆனா எனக்கு இவள் ஒருத்தி. இவள்ரை அப்பா இருந்தா அவர் விசாரிப்பார். நான் தனிய நிண்டு செய்யிற காரியம். நாளைக்கு இவள் போற இடத்திலை கஷ்டப்பட்டா நான் ஆரைப் போய்க் கேக்கிறது, சொல்லு?”

நான் இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை வேலைக்குப் போனேன். நிறுவனத்தின் பதிப்பாசிரியர் இங்ரிட். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஆபீசுக்குள் கம்பளிக் காலுறையோடு நடமாடுகிறவர். “உங்கள் ஊர் எது?” என்று கேட்டார். “நாசரேத்” என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தூத்துக்குடி மாவட்டத்தில் அப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று மேப்பைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார்.

எபிரேயத்தில் இந்தப் பணக்காரச் சொற்கள் வெகு சுருக்கம். மக்களை வரிசையாக நிறுத்திப் பத்தாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் ‘அசிரோன்’. நூறாகப் பிரித்தால் ‘மேஅயோன்’. ஆயிரமாகப் பிரித்தால் ‘அல்பியோன்’. உச்சியில் உள்ள பங்கு என்றால் பின்னால் ‘எல்யோன்’ சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஹைஃபாவில் டாக்சி ஓட்டுகிறவர்கூட, சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நிற்கும் காரைப் பார்த்து “அல்பியோன்” என்று உதட்டைப் பிதுக்குவார். ஆங்கிலத்தில் அதே காரைத் திட்ட வேண்டுமானால், ‘மேல்மட்ட ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு’ என்று சொல்லி முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிடும்.

நம் ஊரில் இந்த வம்பே இல்லை என்று இங்ரிட்டிடம் சொன்னேன். கஷ்டப்பட்ட குடும்பம், ஏதோ இருக்கிற குடும்பம், வசதியான இடம், பெரிய இடம். நாலே படி. எந்தப் படி என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். அவர் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

இன்னொரு சொல்லும் இழுத்தடித்தது. ‘லகோவாக் கஷீர்.’ இவ்வளவுக்கு மேல் சொத்திருந்தால் பாதுகாப்பு விதிகள் இல்லாமலே முதலீடு செய்யலாம் என்று சட்டம் அனுமதிக்கிற வாடிக்கையாளர். யூதர்கள் சாப்பிடத் தகுந்த உணவுக்குச் சொல்லும் கோஷருக்கும் இந்தக் கஷீருக்கும் வேர் ஒன்று. தகுதியுள்ள வாடிக்கையாளர் என்று ஆங்கிலத்தில் போட்டு, அடியில் ஒரு குறிப்பும் எழுதினோம். சாயங்காலம் நாலு மணிக்கு இங்ரிட், “உங்களைக் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று” என்றார். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு புருசெத்வரை நிமிர்ந்தே வந்தேன். சரியான ரயிலில்தான்.

வந்து கை கால் கழுவுவதற்குள் அக்கா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். ஆரணிக்கு அன்றைக்குக் கடையில் மாலை ஷிஃப்ட்.

“தம்பி, நீ பணக்காரரைப் பிரிச்சுப் பிரிச்சு எழுதுற ஆள்தானே. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு.”

நார்வேயில் ஒரு வழக்கம். யார் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு வரி கட்டினார், சொத்து எவ்வளவு என்கிற வரிப் பட்டியலை அந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். எனக்கு வாய் பிளந்துவிட்டது. நம் ஊரில் கூடப்பிறந்தவன் சம்பளத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு ஆயுள் போதாது.

“முந்தி பேப்பரிலையே வரும்” என்றாள் அக்கா. “இவர் இருக்கேக்கை ஞாயிற்றுக்கிழமையில கோப்பியும் கையுமா இருந்து ஒருத்தர் விடாமப் பார்ப்பம். இப்ப எங்கடை பேரிலை உள்ளுக்குப் போய்த்தான் பார்க்கலாம்.”

திரையில் தவராசா, பேர்கன். வருமானம் சுமாராக இருந்தது. கழிக்க வேண்டிய கடனைக் கழித்து மிச்சமுள்ள சொத்து என்கிற வரிக்கு நேரே ஒரு பூச்சியம். அதற்கு முந்தைய வருடத்தைப் போட்டாள். பூச்சியம். அதற்கும் முந்தையது. பூச்சியம்.

“இதென்ன தம்பி, ஒண்டுமே இல்லை எண்டு கிடக்கு?”

அந்த இடத்தில் ‘எனக்குத் தெரியாதுக்கா’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆனால் காலையிலிருந்து மாலை வரை ஒரு தேசத்தையே பத்தாகவும் ஆயிரமாகவும் நறுக்கிவிட்டு வந்திருக்கிறேன், பாராட்டு வேறு தலையில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “பூச்சியம்னா பூச்சியம்தான்க்கா. சொத்துக் கணக்குல இவங்க ஆகக் கடைசிப் பத்துல வருவாங்க. முப்பது வருஷம் சம்பாதிச்சும் கையில ஒண்ணும் நிக்கலன்னு அர்த்தம்” என்றேன்.

அக்கா லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்ப் புட்டு அவித்தாள்.

வியாழக்கிழமை இங்ரிட் முகத்தில் பாராட்டு இல்லை. நாலாம் அத்தியாயத்தை விரித்து வைத்திருந்தார்.

“இங்கே அசிரோன் வரும் இடமெல்லாம் ‘சொத்து அதிகமுள்ள பத்து சதவீதம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த அத்தியாயத்து அட்டவணையோடு ஒத்துவரவில்லை. மூலத்தில் சொத்து என்று இருக்கிறதா?”

மூலத்தைப் பார்த்தேன். இல்லை. வெறும் அசிரோன்தான்.

“அப்படியானால் யாரை வரிசையில் நிறுத்தினார்கள்? எதைப் பார்த்து நிறுத்தினார்கள்?”

தேடினேன். இரண்டு பக்கம் முன்னால் சின்ன எழுத்தில் இருந்தது. குடும்பங்களை மாத வருமானப்படி நிறுத்திய வரிசை அது. மாதம் கைக்கு வருவதை, பெட்டியில் இருப்பதாக நான் மாற்றிவிட்டேன், பதினோரு இடத்தில். சம்பளம் குறைவாக வாங்கும் ஒருவருக்குத் தாத்தா விட்டுப்போன கட்டடம் இருக்கலாம், பெரிய சம்பளக்காரருக்குக் கழுத்துவரை கடன் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு வரிசை. இருபது வருடமாக இதே வேலை செய்கிறவன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பதினொன்றரைக்கே மதியச் சாப்பாடு. அந்த ஊர் ஆட்கள் வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் மெழுகுத்தாள். மேலே பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ், கருப்பட்டியும் பாலும் சேர்ந்து தீய்ந்த ருசி. எனக்குப் பிடித்துப்போயிற்று. என் முகம் செத்துக் கிடந்ததைப் பார்த்து இங்ரிட் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார்.

“எண்கள் எல்லோரையும் ஏமாற்றும். எங்கள் வரிப் பட்டியலில் என் பெயரைப் போட்டுப் பாருங்கள். சொத்து பூச்சியம் என்று வரும்.”

ரொட்டியைக் கீழே வைத்தேன். “உங்களுக்கா? கடல் தெரிகிற வீடு என்று நேற்று சொன்னீர்களே?”

“அதுதான். வரிக்கணக்கில் நாம் குடியிருக்கும் வீட்டுக்கு விலையில் கால் பங்கு மாதிரிதான் போடுவார்கள். வீட்டுக் கடனை மட்டும் முழுதாகக் கழிப்பார்கள். கடன் இருக்கிற பாதிப்பேர் பூச்சியம்தான்.”

“வேறு யாராவது பார்த்தால் தப்பாக நினைக்க மாட்டார்களா?”

“பார்த்தவர் பெயர் எனக்குத் தெரிந்துவிடும். உள்ளே போனால் யார் யார் என்னைத் தேடினார்கள் என்று காட்டும். அதனால் தெரிந்தவர்களை யாரும் தேட மாட்டார்கள்.”

அன்று மதியம் எதை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. மூன்றரைக்கு எழுந்து ஓடினேன். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போனது. நான் மனசுக்குள் அதைத் தள்ளிக்கொண்டு போனேன்.

பிந்திவிட்டேன். அடுக்களையில் ஆரணி குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். மேசைமேல் அவள் போன். நிரோஜன் அனுப்பிய படம் திரையில் இருந்தது. அவன் அப்பாவைத் தேடியவர் பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர், பவானி அக்காவுடையது.

“காலமை அம்மா அவைக்கு ரிங் பண்ணி, சனிக்கிழமை வேண்டாம், கொஞ்சம் தள்ளிப்போடுவம் எண்டு சொன்னவவாம்” என்றாள் என்னைப் பார்த்து. “நிரோவின்ரை அப்பாவுக்கு விளங்காதே? உடன உள்ளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்.”

“எனக்குப் பேர் விழும் எண்டு தெரியாது, பிள்ளை” என்றாள் அக்கா. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

“பேர் விழுந்ததில்லை அம்மா பிரச்சினை. பார்த்தனீங்களே, அதுதான் பிரச்சினை.”

என் பெயர் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. சொன்னவன் நான், மாட்டிக்கொண்டது அவள். அவர்கள் இருவரிடமும் அந்த இடத்திலேயே சொன்னேன். நான் படித்துச் சொன்னது தப்பு, அந்தப் பூச்சியத்துக்கு அர்த்தமே வேறு, எனக்குத் தெரியாமலே தெரிந்த மாதிரி பேசினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பளார் என்று ஒன்று விட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. ஆரணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நானும் ஆரணியும் ஒரே ரயிலில் போனோம். எதிர் எதிரே இருக்கை. நாலு ஸ்டேஷன் வரை வாய் திறக்கவில்லை. இந்த ஊர் ரயிலில் யாருமே பேசுவதில்லை என்பதால் அது ஒன்றும் விசித்திரமாகத் தெரிந்திருக்காது.

பிறகு அவளே கேட்டாள். “அம்மா தன்ரை பேரைப் போட்டுப் பார்த்தவவோ?”

“இல்ல. ஏன்?”

“அவவுக்கும் நுல்தான்.” நுல் என்றால் பூச்சியம். “ஒவ்வொரு வரியமும் அவவின்ரை வரிக் கடிதத்தை நான்தான் வாசிச்சு ஓகே பண்ணுறனான். அவ ஒரு நாளும் பார்க்கிறேல்லை. அப்பா செத்த பிறகு வீட்டு லோனைக் கூட்டி எடுத்தவ, நான் படிச்சு முடிக்கோணும் எண்டு. எங்களிட்டையும் ஒண்டும் இல்லை, அந்த லிஸ்டின்படி பார்த்தா.”

சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணிலும் அதே கதிதான்.

அன்று ஆபீசில் ஒரு வேலைதான் செய்தோம். ஒவ்வொரு அசிரோனுக்கும் அல்பியோனுக்கும் பக்கத்தில், யாரை நிறுத்தினார்கள், எதைப் பார்த்து நிறுத்தினார்கள் என்று எழுதினோம். ஆங்கிலம் நீண்டுபோயிற்று. டாக்சிக்காரர் திட்டுவதற்கு அது உதவாது. அழகாக இல்லை என்றேன். சரியாக இருக்கிறது என்றார் இங்ரிட், கைகொடுத்து அனுப்பினார்.

மாலை ஆரணி அம்மாவின் பெயரைப் போட்டு அம்மாவிடமே காட்டினாள். அக்கா வெகுநேரம் அந்தப் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நானும் கடைசியிலையோ, தம்பி?”

“இல்லக்கா. என் படிப்புதான் கடைசி.”

அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து பேர்கனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். கொஞ்ச நேரத்தில் தவராசாவிடமிருந்து ஒரு வரி வந்தது. ‘முதல் சொன்னபடி நாளைக்கு வாறன்.’ அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. ஏச வருகிறாரா, முறிக்க வருகிறாரா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை அக்கா விடியும் முன்பே எழுந்து சமைத்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். நிரோஜனும் வந்தால் ஐந்து பேர்தான், பதினைந்து பேருக்கு வைத்தாள். நான் வெங்காயம் உரித்தேன், வேறு எந்த வேலையையும் என்னை நம்பித் தரவில்லை.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. தவராசா தனியாக வந்திருந்தார். அறுபது வயது, மெலிந்த உடம்பு, ஷேவ் செய்து தலையைப் படியச் சீவியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

“வாங்கோ அங்கிள்” என்றாள் ஆரணி. 

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. சோபா நுனியில் உட்கார்ந்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். “இப்ப வேண்டாம், தங்கச்சி” என்றார். ஃபைலை மேசைமேல் வைத்து அக்கா பக்கமாகத் தள்ளினார்.

“எங்கடை நிலவரத்தைப் பார்க்க விரும்பினீங்கள் எண்டு அறிஞ்சன். பிழையில்லை. பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவ பார்க்கத்தான் வேணும். ஆனா அந்த லிஸ்டிலை எல்லாம் வராது. இதிலை முழுக்க இருக்கு. வீட்டுப் பத்திரம், பாங்குக் கடன், என்ரை சம்பளம், பென்ஷன். நேற்று முழுக்க இருந்து எடுத்தனான்.”

ஒருத்தர் தான் ஏழை இல்லை என்று நிரூபிக்கக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மலை தாண்டி வந்திருக்கிறார். 

“ஐயோ, எடுங்கோ அண்ணை. உள்ளுக்கை வையுங்கோ” என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். “நான் செய்தது பிழை. இதைப் பார்த்தா நான் மனிசியே இல்லை.”

“இல்லை, பாருங்கோ. பார்த்துப்போட்டு வேண்டாம் எண்டு சொன்னாலும் எனக்குப் பரவாயில்லை. பார்க்காமச் சொல்லாதேங்கோ.”

நான் எழுந்தேன். “தப்பு அக்கா மேல இல்ல அண்ணாச்சி. அவங்க என்கிட்டதான் கேட்டாங்க. தப்பாப் படிச்சுச் சொன்னது நான்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கள் ஆர்? என்ன செய்யிறனீங்கள்?”

“மொழிபெயர்ப்பு. பணக்காரங்களை எத்தனை வகையாப் பிரிக்கிறாங்கன்னு எழுதுறவன்.”

“அப்ப எங்களை எந்த வகையிலை போட்டனீங்கள்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆகக் கடைசியில போட்டேன், அண்ணாச்சி. மன்னிச்சிருங்க.”

அவர் முகத்தில் கோபம் வரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “நாட்டை விட்டு வெளிக்கிட்டு வரேக்கை அங்கைதான் நிண்டனாங்கள்” என்றார். “திரும்ப அங்கை கொண்டுபோய் விடுவீங்கள் எண்டு நினைக்கேல்லை.”

 அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அண்ணை, எதெண்டாலும் முதல் சாப்பிடுங்கோ. விடிய வெளிக்கிட்டிருப்பியள்” என்றாள். அவர் தலையை அசைத்து மறுத்தார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன வீட்டில், பேச்சு முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சரி என்று அர்த்தம், சாப்பிடாமல் எழுந்தால் இல்லை என்று அர்த்தம். தேத்தண்ணியையும் அவர் தொடவில்லை. அவர் எந்த நிமிடமும் எழுந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆரணி வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஃபைலை எடுத்தாள்.

“ஆரணி, வேண்டாம்” என்றாள் அக்கா.

அவள் கேட்கவில்லை. முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி, விரலை வைத்து, நிதானமாக. அடுப்பில் பாயசம் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தவராசா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டோ ஒன்பதோ தாள்கள். கடைசிக்கு முந்தைய தாளில் விரல் நின்றது.

“பாங்கிலை வட்டி கூடுதலா எடுக்கிறாங்கள்” என்றாள். “மாமா, நீங்கள் கடைசியா எப்ப பாங்கோடை கதைச்சனீங்கள்?”

அவர் நிமிர்ந்தார். “நிரோவும் சொன்னவன். நான் கேக்கேல்லை, பிள்ளை. ஒரு மாதிரி வெக்கம்.”

“இதிலை என்ன வெக்கம், மாமா? இஞ்சை எல்லாரும் வரியத்துக்கு ஒருக்கா எடுத்துக் கதைச்சுக் குறைக்கிறவை. குறைக்காட்டி வேற பாங்குக்குப் போறம் எண்டு சொல்லோணும். திங்கக்கிழமை மத்தியானம் எனக்கு லீவு. நீங்களும் நானும் லைன்லை இருந்து கதைப்பம். நீங்கள் பேசாம இருங்கோ, நான் கதைக்கிறன்.”

தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஃபைலை மூடி, அவர் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

அவர் அதை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு எழுந்தார்.  அவர் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டார்.

“தங்கச்சி, கை கழுவுற இடம் எங்கை?”

அக்கா தட்டுகளை எடுக்க ஓடினாள். நான்தான் எழுந்துபோய்க் காட்டினேன்.